கணினிக் கொத்தணியும் விதைநெல்லும்: தரவுக் காப்பும் மீட்பும் பற்றிய ஒரு நோக்கு

எழுத்திற் பதியப்பட்ட அறிவு, அது தங்கியிருக்கும் பொருளின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொள்கின்றது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. பிரதியற்ற ஏட்டுச்சுவடிகளை எவராலும் மீட்க இயலவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களில் உயிர்தப்பியோர் பலர் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து நின்றனர். இன்று ஆய்வறிவின் பெரும்பகுதி கணினிகளுள் அடைக்கலம் புகுந்துள்ளது. அங்கு அது எவ்வாறு அழிகின்றது, எவ்வாறு காக்கப்படலாம், அழிந்தபின் எவ்வாறு மீட்கப்படலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கொத்தணியின் அமைப்பு

பல கணினிகளை விரைவான வலையமைப்பால் இணைத்து, ஒரே பொறிபோல இயங்கச் செய்வதே கணினிக் கொத்தணியாகும். கணிப்பைச் செய்யும் கணுக்கள் ஒருபுறமிருக்க, அவை யாவும் பொதுவாக வாசித்தெழுதும் சேமிப்பகம் மறுபுறம் இருக்கும். ஒரு கணு பழுதுற்றால் வேறொன்று அதன் வேலையை ஏற்கலாம். பொதுச் சேமிப்பகம் அழிந்தாலோ எல்லோருடைய உழைப்பும் ஒருங்கே அழியும். கொத்தணியின் வலிமைக்கு ஏதுவான பொதுமையே அதன் நலிவுக்கும் ஏதுவாகின்றமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

சேமிப்பகத்திலுள்ள தட்டுகளுள் ஒன்றிரண்டு பழுதுற்றாலும் தரவு கெடாதவாறு அதனைப் பல தட்டுகளில் பரப்பிவைக்கும் முறை உண்டு. இதனையே காப்பு எனக் கருதுவோர் பலர். ஒரு கோப்பினை ஒருவர் தவறுதலாக அழித்தால், அவ்வழிப்பு எல்லாத் தட்டுகளிலும் அக்கணமே பரவிவிடும். தட்டின் பழுதினைத் தாங்கும் இம்முறை, மனிதத் தவறினையோ தீநோக்கினையோ தாங்காது.

பிரதிகளின் தொகையும் இடமும்

மூன்று பிரதிகள், இருவேறு ஊடகங்கள், அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் என்பது கணினித் துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட விதியாகும். இவ்விதியின் உட்கருத்து நமது சமூகத்துக்குப் புதியதன்று. இலங்கையின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு காணி உறுதியின் மூலம் உரியவரிடம் சேரும். ஒரு படி நொத்தாரிசிடம் தங்கும். இன்னொரு படி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். மூன்றும் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு கூரைகளின் கீழ் இருப்பதனால் ஒரு வீட்டைக் கடல் கொண்டாலும் உரிமைக்கான சான்று எஞ்சுகின்றது. மூன்றையும் ஒரே அலுமாரியில் வைத்திருப்பின் தொகை மூன்றாயினும் காப்பு ஒன்றேயாகும்.

இடம் வேறாயிருப்பதோடு தொடர்பு அறுந்திருப்பதும் இன்று இன்றியமையாததாயிற்று. 2023 ஆகஸ்ட் இறுதியில் கப்பம் கோரும் தீநிரலொன்று இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமையைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமை விரைவில் இயங்கத் தொடங்கியபோதும், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. இயங்கும் முறைமையோடு ஓயாது பிணைக்கப்பட்டிருந்த பிரதிகளும் சேர்ந்தே மறைகுறியாக்கப்பட்டமையும், அக்காலப்பகுதிக்குத் தொடர்பறுந்த பிரதி இல்லாமற் போனமையுமே இதற்குக் காரணங்களாகும். காந்த நாடா பழமையானதெனப் பலர் எள்ளுவர். ஆயினும் பொறியிலிருந்து கழற்றி அடுக்கில் வைக்கப்பட்ட நாடாவை வலையமைப்பின் வழியே எவரும் தீண்ட முடியாது என்பதே அதன் பெருஞ்சிறப்பாகும்.

எதனை, எப்பொழுது படியெடுப்பது?

கொத்தணியிலுள்ள யாவற்றையும் நாள்தோறும் படியெடுத்தல் இயலாது. 100 டெராபைற்றுத் தரவினை நொடிக்கு ஒரு கிகாபிற்று வேகமுள்ள இணைப்பில் இடையறாது அனுப்பினாலும் ஒன்பது நாள்களுக்கு மேலாகும். ஆகவே தரவினை வகைப்படுத்தல் வேண்டும். கணிப்பின்போது தோன்றி மறையும் இடைநிலைக் கோப்புகளை மீண்டும் கணித்துப் பெறலாம். அவற்றுக்குப் பிரதி வேண்டியதில்லை. ஆய்வாளர் எழுதிய நிரல்கள் அளவிற் சிறியன, ஆயின் ஆண்டுக்கணக்கான உழைப்பினைக் கொண்டன. மழைப்பதிவு, களஆய்வு, முதியோரிடம் பதிவுசெய்த நாட்டார் பாடல் போன்ற மூலத்தரவுகளோ மீண்டும் பெறவியலாதன; பாடியவர் மறைந்தபின் அப்பாடலை எப்பொறியும் கணித்துத் தராது.

வகைப்படுத்தியபின், வாரத்துக்கொருமுறை முழுப்பிரதியும் இடைநாள்களில் மாறியவற்றின் பிரதியும் எடுப்பது பொதுவான வழக்கமாகும். பிரதிகளுக்கிடையே எவ்வளவு கால உழைப்பினை இழக்க ஆயத்தமாயிருக்கின்றோம் என்பதே கால அட்டவணையைத் தீர்மானிக்கும் வினாவாகும். இதற்கு விடை கூறவேண்டியவர்கள் உழைப்பினைச் செலுத்தும் ஆய்வாளர்களே. பொறியாளர் மட்டும் கூடி முடிவுசெய்யும் விடயமன்று இது.

தரவு பெரிதென்பதைக் காரணங்காட்டிக் காப்பினைக் கைவிடுதலும் நிகழ்ந்துள்ளது. தென்கொரியாவின் தேஜியோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26இல் மின்கலங்கள் தீப்பற்றியபோது, அரச ஊழியர்களின் 858 டெராபைற்று ஆவணங்களைக் கொண்ட சேமிப்பகமொன்று அழிந்தது. கொள்ளளவு மிகுதியெனக் கூறி அதற்கு வெளிப்பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை.

மீட்பே உரைகல்

சவளக்கடைச் சூழலின் வயல் வட்டைகளில் விதைநெல்லை உணவு நெல்லோடு கலந்து வைப்பாரில்லை. அதனை வேறாக உலர்த்தி வேறாகவே கட்டிவைப்பர். பெரும்போகத்துக்கு முன், நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியிற் சுற்றிவைத்து எத்தனை முளைத்தன என்று பார்த்த பின்னரே விதைப்புக்குத் துணிவர். சாக்கு நிறைந்திருப்பது முளைப்புக்குச் சான்றாகாது என்பதை அவர்கள் அறிவர். பிரதி எடுக்கப்பட்டதென்று பொறி நாள்தோறும் அறிவித்தாலும், அப்பிரதியிலிருந்து ஒரு கோப்பினையேனும் மீட்டுப் பார்க்காதவரை அது முளைக்குமா என்பது ஐயமே.

மீட்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எப்பிரதி எந்நாடாவில் உள்ளது எனக் கூறும் பட்டியலை மீட்டல் வேண்டும். ஆதலால் அப்பட்டியலும், பூட்டிய பிரதிகளின் திறவுச்சொற்களும் கொத்தணிக்கு வெளியே இருத்தல் அவசியம். அடுத்துப் பயனர் கணக்குகளும் அமைப்புக் கோப்புகளும், அதன்பின் நிரல்களும் மூலத்தரவுகளும் வரும். மீட்கும் கோப்புகளைப் பழைய இடத்தின்மீது நேரே எழுதாது, தனியிடத்தில் இறக்கிச் சரிபார்ப்புத் தொகையினை ஒப்பிட்ட பின்னரே மாற்றுதல் தகும். அவசரத்தில் எஞ்சியிருந்த நல்ல கோப்பின்மீது பழைய கோப்பினை எழுதுவோர் இரண்டாம் இழப்பினைத் தாமே வருவிக்கின்றனர்.

மீட்பின் காலமும் பாதையைப் பொறுத்தது. கல்முனையிலிருந்து சவளக்கடைக்குச் செல்லும் வீதியிலுள்ள கிட்டங்கித் தாம்போதி மாரிப் பெருக்கில் மூழ்கும்போது அக்கரையில் இருப்பவை பாதுகாப்பாயிருப்பினும் இக்கரைக்கு வாரா. தொலைவிலுள்ள பிரதியை அழிவு அணுகாது. ஆயின் நாமும் விரைந்து அணுகமுடியாது. அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றும் வேண்டுமென்பதன் காரணம் இதுவே.

காப்புப் பணியே அழிவுக்கு ஏதுவான நிகழ்ச்சியொன்றும் நமக்குப் பாடமாகின்றது. 2021 டிசெம்பரில் கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் மீகணினியில், பிரதியெடுக்கும் நிரலொன்று திருத்தப்பட்டது. பழைய பதிவேடுகளை நீக்குவதற்கான அந்நிரல் ஓடிக்கொண்டிருந்த வேளையிலேயே அதன்மீது புதிய நிரல் எழுதப்பட்டது. எவ்விடத்தில் நீக்குவது எனக் கூறும் மாறி பெறுமானமற்றுப் போகவே, பதிவேடுகளுக்குப் பதிலாக ஆய்வாளரின் கோப்புகள் நீக்கப்பட்டன. 77 டெராபைற்று அளவான ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன; பாதிக்கப்பட்ட 14 குழுக்களுள் 4 குழுக்களின் தரவு பிரதியிலிருந்தும் மீளவில்லை. அழிக்கும் அதிகாரமுடைய நிரலை ஓய்ந்திருக்கும்போதே மாற்றவேண்டும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்வையிடவேண்டும், பெறுமானமற்ற மாறியைக் கண்டால் நிரல் தானே நிற்கவேண்டும் என்பன இதனால் நாம் பெறும் விதிகளாகும்.

காப்பும் சமூகமும்

காப்புப்பணி எவர் கண்ணுக்கும் தெரியாத உழைப்பு. நன்கு நடைபெறும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை; செலவைக் குறைக்கும் வேளையில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. புதிய கணுக்களை வாங்கித் திறப்புவிழாச் செய்வதில் உள்ள ஆர்வம் நாடாப் பெட்டிகளை வாங்குவதில் இருப்பதில்லை. இதன் விளைவு எல்லோர்மீதும் சமமாக விழுவதுமில்லை. வளமுள்ள நிறுவனங்களின் தரவு பல நாடுகளில் பிரதிகொண்டிருக்க, சிறிய மொழியினதும் ஒதுங்கிய பிரதேசத்தினதும் தரவு பெரும்பாலும் ஒற்றைப் பிரதியாகவே வாழ்கின்றது. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற கடலோர நிறுவனங்களும், உள்நாட்டில் அமைந்த பல்கலைக்கழகங்களும் ஒன்றன் பிரதியை மற்றொன்று வைத்திருக்கும் கூட்டுமுறை இங்கு பெரிதும் பொருத்தமானதாகும். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆய்வு வலையமைப்பு ஏலவே உள்ளமையால், வேண்டப்படுவது உடன்பாடும் ஒழுங்குமேயாகும்.

முடிவாக, ஒவ்வொரு துறையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்றாகும். நமது மூலத்தரவின் பிரதி எவ்வூரில் உள்ளது? அதனை இறுதியாக மீட்டுப் பார்த்த நாள் எது? அதனை மீட்கத் தெரிந்தவர் விடுமுறையிற் சென்றால் அடுத்தவர் யார்? இவற்றுக்கு விடையில்லாத இடத்தில் சாக்கு நிறைய நெல் இருக்கலாம். அது விதைநெல்தானா என்பது விதைப்பு நாளன்றே தெரியவரும்.