ஐயமும் திரிபும்: சதிக்கதைகளும் நம் மாணாக்கரும்

மங்கல் மாலைப்பொழுதில் வயல் வரம்பிற்கு அப்பால் ஒன்று நிற்கின்றது. அது நட்ட மரக்கட்டையோ, ஆளோ என்று கண்டவன் மயங்குகின்றான். "குற்றியோ மகனோ" என உரையாசிரியர்கள் ஐயத்திற்கு எடுத்துக்காட்டுவது இதனையே. இருட்டிலே கிடக்கும் கயிற்றைப் பாம்பெனக் கண்டு துள்ளுபவன் நிலை வேறு. அவனுக்கு ஐயம் இல்லை, அவன் துணிந்துவிட்டான், துணிவுதான் பிழைபட்டது. முன்னதை ஐயம் என்றும் பின்னதைத் திரிபு என்றும் நம் அளவை நூலார் பிரித்து வைத்தனர். சிவஞான சித்தியார் ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் அளவையைத் தம் நூலின் முகப்பிலேயே கூறினார். மணிமேகலையின் 29ஆம் காதை போலி ஏதுக்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்கின்றது. இப்பகுதிகளைப் பரீட்சைக்கு உரியன அல்லவென்று நாம் புரட்டித் தள்ளிவிடுகின்றோம். ஆயின், கைத்தொலைபேசியைக் கையிலே பிடித்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவற்றினும் பயன்படும் பாடம் வேறு உண்டோ என யான் எண்ணுவதுண்டு.

ஒரு துன்பத்திற்கோ மாற்றத்திற்கோ பின்னணியில், கண்ணுக்குத் தெரியாத சிலர் கூடி இரகசியமாக வகுத்த திட்டமே காரணம் எனச் சான்றின்றித் துணியும் கதையையே ஈண்டுச் சதிக்கதை என்கின்றேன். (சூழ்ச்சிக் கதை எனல் இனிய தமிழாகும். ஆனால் சூழ்ச்சி என்பது பண்டு ஆராய்ந்து எண்ணுதலையே குறித்தது. அந்நற்சொல்லை இதற்குக் கொடுக்க மனம் வரவில்லை.) இக்காலப் பிள்ளைகள் எதனையும் ஐயுறுகின்றனர், அதுவே இந்நோய்க்கு மூலம் எனப் பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். யான் அங்ஙனம் கருதேன். சதிக்கதையை நம்புபவன் மிகுதியாய் ஐயுற்றவன் அல்லன். ஐயத்தை இடைவழியில் நிறுத்திவிட்டவன். அரசை ஐயுறுவான், வைத்தியரை ஐயுறுவான். தனக்கு வந்த ஒலிப்பதிவை மட்டும் ஐயுறான். ஐயத்தின் உடையை அணிந்து வந்த திரிபே அது.

நம் நாட்டிலே நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சிற்றுண்டிச்சாலையில் உண்ணவந்த சிங்களவர் ஒருவர், கறியிலே வெண்ணிறக் கட்டியொன்றைக் கண்டார். கருவளத்தை அழிக்கும் மாத்திரைகள் பெருந்தொகையாய்ப் பிடிபட்டன என்ற பொய்ச்செய்தி முகநூலில் முன்னரே உலவிக்கொண்டிருந்தது. ஆகவே, அக்கட்டி மருந்துதான் என்ற முடிவு, கட்டி காணப்படுமுன்பே ஆயத்தமாய் இருந்தது. கூட்டம் கூடிற்று. கடைக்காரரைச் சூழ்ந்து சிங்களத்திலே கேட்டனர். அவருக்குச் சிங்களம் செம்மையாய்த் தெரியாது. அச்சத்தில் அவர் தடுமாறிச் சொன்ன சில சொற்கள் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டுக் காணொளியாய் நாடெங்கும் பரவின. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்துத் திகனையில் கலகம் மூண்டது. அதற்கு உடனடிக் காரணம் வேறாயினும், மூட்டிவைத்த அடுப்பு இதுவே. மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. முகநூலும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் தடைப்பட்டன. அக்கலகத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

அக்கட்டியை அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தார். அது மாக்கட்டி. ஒருமுறை உண்டமாத்திரத்தே ஒருவரை நிலையாய் மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை என வைத்தியர்களும் விளக்கினர். இவ்விளக்கம் வந்தபோது கடை இல்லை.

மாணாக்கர்க்கு இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது, "முட்டாள்கள் நம்பினார்கள்" என்று முடித்தல் கூடாது. எங்கே வழுக்கிற்று என்று அவர்களையே தேடச் செய்தல் வேண்டும். கண்ட பொருள் யாது? வெண்கட்டி. இது காண்டல். அது மருந்து என்றது கருதல். மருந்தாயின் அதனைக் கலந்தவர் கடைக்காரர் என்றதும், அவரை ஏவியது ஒரு சமூகம் என்றதும் கருதலின்மேற் கருதல். கடைக்காரர் சொன்னதாகக் கொண்டது உரை. அதுவும் மொழி அறியாதவன் வாயிலிருந்து அச்சத்தாற் பிடுங்கப்பட்ட உரை. காண்டலாய் நின்றது ஒரு வெண்கட்டி மட்டுமே. வன்னியிலே மார்கழிக் காலையில் வயலின்மேல் எழும் பனியைப் புகையென்று கொண்டு நெருப்பைத் தேடப் போவாரை நாம் கண்டதில்லை; ஏனெனில், பனி இன்னதென நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மாக்கட்டி இன்னதென அம்பாறையாருக்குத் தெரியாமற் போனதன்று. அவர்கள் முன்னரே நெருப்பைத் துணிந்திருந்தனர், புகையைத் தேடினர்.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், 2019 மே மாதத்தில், குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4000 தாய்மார்க்கு அவர்கள் அறியாமலே மகப்பேற்றுச் சத்திரசிகிச்சையின்போது கருத்தடை செய்தாரென ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதிற்று. அவர் கைதானார். நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்தனர். ஜூன் மாத இறுதியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் குற்றச்சாட்டிற்குச் சான்று இல்லை என நீதிமன்றத்துக்கு அறிவித்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்தியர் தனித்து நிற்பதில்லை. மயக்கமருந்து கொடுப்பவர், உதவி வைத்தியர், தாதியர் எனப் பலர் சூழ நிற்பர். 4000 முறை அவர் அத்தனை கண்களையும் மறைத்திருத்தல் வேண்டும். அல்லது அத்தனை பேரும், பெரும்பாலும் அத்தாய்மாரின் இனத்தவரே, வாய்மூடி இருந்திருத்தல் வேண்டும். "எத்தனை பேர் எத்தனை காலம் மௌனமாயிருந்தால் இது நடக்கும்?" என்னும் வினா சதிக்கதைகளுக்கு நல்ல உரைகல். 2016ஆம் ஆண்டு டேவிட் ரொபேட் கிரைம்ஸ் என்னும் பௌதிக அறிஞர் இதனைக் கணிதமாகவே செய்து பார்த்தார். சந்திரனில் மனிதன் இறங்கியது நாடகமாயின், அதிற் பங்குகொண்ட நான்கு இலட்சம் பேரில் எவரேனும் நான்கு ஆண்டுக்குள் அதனை வெளிவிட்டிருப்பர் என்பது அவர் கணக்கு.

இதுவரை சொன்னவை எளியவை. வட்டக்கச்சியில் வகுப்பெடுப்பவருக்கு உண்மையான சங்கடம் இனித்தான் வருகின்றது.

ஒரு நாள் பத்தாந் தர மாணாக்கன் ஒருவன், "சேர், சிங்களச் சனம் சொன்னால் வதந்தி. எங்கட சனம் சொன்னாலும் வதந்தியோ?" என்று கேட்டான். தடுப்பூசி நம் இனத்தின் வித்தைக் குறைப்பதற்கே என்று ஓர் ஒலிப்பதிவு அவனிடம் இருந்தது. அரசு மறுத்துள்ளது, ஆகவே பொய் என்று அவனுக்கு விடை சொல்லல் இயலுமோ? 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இவ்வூரார் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். போர் நிகழ்ந்த நிலப்பரப்பில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேரே என 2009 பெப்ரவரியில் அரசு சொல்லிற்று. முடிவில் வெளிவந்து முகாம்களிற் சேர்ந்தோர் ஏறத்தாழ 2,90,000 பேர். இதனை 2011ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு அறிக்கையிலும் படிக்கலாம். அவன் தாயிடம் கேட்டாலும் அறியலாம். அரசின் வாய்மொழி அளவையாகாது என்பதை இப்பிள்ளை தொட்டிலிலேயே கற்றவன். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, நிலத்தடி நீர் மாசுறும் என்று சொல்லிக் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்ததும் அரசே. உலக சுகாதார நிறுவனம் புதைத்தலையும் அனுமதித்திருந்தது. பின்னர் புதைக்க இடமென்று முதலிற் காட்டப்பட்டது நம் மாவட்டத்து இரணைதீவு.

இன்னும் நெருங்கிய ஒன்றும் உண்டு. 2013 ஆகஸ்ட் மாத இறுதியில் பூநகரிப் பிரதேசத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களில், பிள்ளைகளின் ஆரோக்கியம் பார்ப்பதற்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்கு வற்புறுத்திக் கையின் தோலின்கீழ்க் கருத்தடைக் குழாய்கள் வைக்கப்பட்டன என முறைப்பாடு எழுந்து அறிக்கையாய் வெளிவந்தது. வற்புறுத்தல் இல்லையென அதிகாரிகள் மறுத்தனர். மேலோட்டமாய்ப் பார்ப்பின் அம்பாறைக் கதையும் வேரவில் முறைப்பாடும் ஒரே வகை: ஒரு சமூகத்தின் கருவளத்தை இன்னொருவர் இரகசியமாய் அழிக்கின்றனர் என்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து இரண்டும் வதந்தி என்றால் மாணாக்கனுக்கு அநீதி செய்தவராவோம். இரண்டும் உண்மை என்றால் அவனைக் கிணற்றிலே தள்ளியவராவோம்.

யான் இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதினேன். வேரவிலில் நாள் உண்டு, ஊர் உண்டு, தனக்கு நிகழ்ந்ததைத் தானே சொல்லும் பெண் உண்டு. வைக்கப்பட்ட பொருள் உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஒரு கருத்தடைச் சாதனம்; கையைத் தொட்டுப் பார்க்கலாம்; வேண்டாமெனின் அகற்றலாம். மறுப்போரும் சாதனம் வைக்கப்பட்டதை மறுக்கவில்லை. மனமொப்பி வைத்தனரா என்பதே வழக்கு. சிலர் உண்மையில் மனமொப்பியிருப்பின், அச்சிலரளவில் முறைப்பாடு பொய்யாகும். அப்படிப் பொய்யாக அதற்கு வாயில் உண்டு. அம்பாறைக் கதையில் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தியும் இல்லை. மருந்துக்குப் பெயர் இல்லை. பகுப்பாய்வாளர் மாக்கட்டி என்றவுடன், பகுப்பாய்வாளரும் விலைபோனார் என்பார் எழுந்தனர். எதிர்ச்சான்று வருந்தோறும் சதியின் எல்லை அகன்று அச்சான்றையும் விழுங்கிவிடுகின்றது. இந்த அகலமே சதிக்கதையின் அடையாளம். பிறகு அவ்வொலிப்பதிவை எடுத்தோம். பேசியவர் யார்? பெயரில்லை. எந்தத் தடுப்பூசி? சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எவருக்கு? இல்லை. "எது கண்டால் நீ இதனைக் கைவிடுவாய், தம்பி?" என்று கேட்டேன். அவன் நெடுநேரம் எண்ணினான். தடுப்பூசி போட்டு வளர்ந்த தன் அக்காமார் இருவர்க்கும் பிள்ளைகள் உள்ளனர் என்று அவனே சொன்னான். வகுப்பு சிரித்தது, சிரிப்பை அடக்க நேர்ந்தது. ஏனெனில், அவனளவில் அது பெரிய அளவை.

ஆசிரியரும் பெற்றோரும் அஞ்சவேண்டியது ஏளனத்திற்கே. பலர் முன்னிலையில் நாணிய பிள்ளை கதையைக் கைவிடாது. கதையைச் சொன்னவனிடம் போய்ச் சேரும். "இதனை நம்புவதற்கு உனக்குள்ள காரணம் யாது?" என்று கேட்டுப் பொறுமையாய்க் கேட்டிருத்தல் வேண்டும். கேட்டபின் பொதுவான அறிவுரை கூறாமல், அவன் சொன்ன அக்காரணத்துக்கே நேரான விடையைத் தேடித் தருதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு சயன்ஸ் ஆய்விதழில் கொஸ்ரெலோ, பெனிகுக், ராண்ட் என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சதிக்கதைகளை நம்பிய இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் செயற்கை நுண்ணறிவுப் பொறியோடு உரையாடினர். அவரவர் சொன்ன காரணத்துக்கு அவ்வதற்குரிய விவரங்களைப் பொறி எடுத்துரைத்தது. நம்பிக்கை சராசரி 20 சதவீதம் தளர்ந்தது. இரண்டு மாதத்தின் பின்னும் அத்தளர்வு நிலைத்தது. இவர்கள் சான்றுக்கு மசியார் என்ற பழைய எண்ணம் முழு உண்மையன்று என்பது இதனாற் பெறப்படும். பொறிக்குச் சினம் வாராது, மணியடித்தால் அடுத்த வகுப்புக்கு ஓடவேண்டியதில்லை என்பதையும் ஆசிரியர் உலகின் சார்பிற் குறித்து வைக்கின்றேன்.

இன்னொன்று: நோய் வருமுன்னே காத்தல் எளிது. 2017 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் மறுத்தனர். காலக்கெடுவை நீட்டவேண்டி வந்தது. தடுப்பூசி போடும் நாளுக்கு முன்னரே இன்ன இன்ன கதைகள் வரும், அவை இன்ன வகையில் ஏமாற்றும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தாற் கதை வரும்போது அவர்கள் அதனை முகம் பார்த்தே அறிவர்.

வகுப்பிற் செய்யத்தக்க பயிற்சி ஒன்றைக் கூறுகின்றேன். 2011 ஆகஸ்ட் மாதத்தில் கிறீஸ் பூதக் கதை மலையகத்திலும் தெற்கிலும் கிளம்பிக் கிழக்கிற்கும் வடக்கிற்கும் பரவிற்று. உடலில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவிலே பெண்களைத் தாக்குகின்றனர், அவர்களை ஏவுவோர் மேலிடத்தார் என்பது கதை. புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கூட்டத்தாற் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் மக்களும் படையினரும் மோதிப் பலர் கைதாயினர். இன்றைய மாணாக்கர் அப்போது கைக்குழந்தைகள். வீட்டிலே பெரியோரைக் கேட்டு, கண்டது, கேட்டது, கருதியது என மூன்று பத்திகளில் எழுதி வருமாறு பணித்தேன். பெரும்பாலான கொப்பிகளில் முதற்பத்தி வெறுமையாய் இருந்தது. நடுப்பத்தி நிரம்பி வழிந்தது. சொன்னவர்க்குச் சொன்னவர் எப்போதும் அடுத்த ஊரவராயிருந்தார். ஒரு மாணவியின் அம்மம்மா மட்டும் வேலிக்கருகே கரிய உருவமொன்று ஓடக் கண்டிருந்தார். அதனை அம்மாணவி முதற்பத்தியில் எழுதி, ஏவியவர் யாரென்பதை மூன்றாம் பத்தியிலே தனியே எழுதியிருந்தாள். அம்மம்மா சொன்னது பொய்யா என்று அவள் கேட்டாள். முதற்பத்தி பொய்யென்று சொல்ல எனக்குக் காரணமில்லை என்றேன்.

இப்பயிற்சிக்கு இரண்டு பாடவேளை போதும். உயர்தர வகுப்பாயின், நாவாந்துறை நிகழ்வு பற்றி அக்காலத்தில் வெளிவந்த தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைச் செய்திகளை அருகருகே வைத்து அதே மூன்று பத்திகளை நிரப்பச் செய்யலாம். பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கும் பழைய மாணவர் எவரேனும் நம் நூலகத்துக்கு அவற்றை உதவுவராயின் அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.