சோளகக் காலத்திற் படகுப் பற்றரிகளைப் பேணல்

புத்தளம் மாவட்டத்தின் திறந்த கடற்கரையில் வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகக் காற்று வலுத்து வீசும். கடல் கொந்தளிக்கும் இம்மாதங்களிற் கற்பிட்டி, உடப்பு, சிலாபம் ஆகிய பகுதிகளிற் படகுகள் பல கரையேற்றப்படுகின்றன. வலைகள் உலர்த்தப்பட்டு, இயந்திரங்கள் எண்ணெயிட்டு மூடப்படுகின்றன. பற்றரியோ பெரும்பாலும் படகிலேயே மறந்து விடப்படுகின்றது. ஐப்பசியிற் கடல் அமைதியுறும்போது அது பயனற்றுக் கிடக்கும். அன்றேல், கரையில் இயந்திரத்தை இயக்கிவிட்டு, இரவில் நடுக்கடலிற் கைவிடும். அப்பொழுது விளக்கும், வானொலித் தொடர்பும், திசைகாட்டும் கருவியும் ஒருங்கே அற்றுப்போகும்.

பற்றரி கெடுவது ஏன்?

படகுகளிற் பெரிதும் வழங்குவது ஈய அமிலப் பற்றரியாகும். இது 1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவரான பிளாந்தே என்பவராற் கண்டுபிடிக்கப்பட்டது. பயன்படுத்தாது வைத்தாலும் இதன் மின்னேற்றம் தானே குறையும். வெப்பம் 10 பாகை கூடுந்தோறும் இக்குறைவு ஏறத்தாழ இருமடங்காகும். குளிர்நாட்டார் பனிக்காலத்தில் அமிலநீர் உறைந்துவிடுமென அஞ்சுவர். இக்கரையினர் அஞ்சவேண்டியவை வெப்பமும் உப்புக்காற்றுமே. மின்னேற்றம் இறங்கிய நிலையிற் பல வாரங்கள் கிடந்தால், தகடுகளின் மேல் ஈயச் சல்பேற்று கடினமாகப் படியும். அவ்வாறு இறுகியபின் எத்துணை மின்னேற்றினும் பழைய வலு மீளாது.

கரையேற்றியதும் செய்யவேண்டியவை

முதலில் எதிர்முனைக் கம்பியையும், அடுத்து நேர்முனைக் கம்பியையும் கழற்றிப் பற்றரியைப் படகிலிருந்து எடுத்தல் வேண்டும். மூடிகளை இறுக்கியபின், அப்பச்சோடா கரைத்த நீரால் மேற்புறத்தைத் துடைத்து, நன்னீரால் துடைத்து உலர்த்துக. சோடாநீர் ஒரு துளியேனும் உட்புகலாகாது. முனைகளில் வசலீன் தடவுதல் நன்று.

மூடி திறக்கும் வகையாயின், தகடுகள் அமிலநீரில் மூழ்கியுள்ளனவா எனப் பார்க்க. குறைந்திருப்பின் தகடுகள் மறையுமளவிற்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, மின்னேற்றி முடிந்தபின் உரிய மட்டத்திற்கு நிரப்புக. கிணற்றுநீரும் அமிலமும் சேர்த்தல் கூடாது.

முழுதும் மின்னேற்றிச் சில மணி நேரம் ஆறவிட்ட 12 வோற்றுப் பற்றரி ஏறத்தாழ 12.6 வோற்றுக் காட்டும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4 அளவிற்கு இறங்கியிருப்பின் மீண்டும் மின்னேற்றுக. நீரமானியால் ஒவ்வொரு கலத்தையும் சோதித்தலும் நன்று. ஒரு கலம் மட்டும் பெரிதும் தாழ்ந்து நிற்குமாயின் அப்பற்றரியை நம்பலாகாது.

வைக்கும் இடம்

வெயில் படாத, காற்றோட்டமுள்ள, சிறுவர்க்கு எட்டாத இடமே தக்கது. சீமெந்துத் தரையில் வைத்தால் மின்னேற்றம் இறங்கிவிடும் என்னும் எண்ணம் முற்கால மரப்பெட்டிப் பற்றரிகளுக்கே உரியது. இக்காலப் பிளாத்திக்குப் பெட்டிகளுக்கு அக்குறை இல்லை. எனினும், ஈரம் படாதிருக்கப் பலகையின்மேல் வைக்கலாம்.

மின்னேற்றுகையில் ஐதரசன் வாயு வெளிவரும். இது காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றி வெடிக்கக்கூடும். ஆதலின் அருகில் விளக்கு ஏற்றுதலும் சுருட்டுப் புகைத்தலும் கூடாது. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே நன்னீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

கடலுக்கு இறங்குமுன்

பற்றரியைப் படகில் அசையாதவாறு பொருத்தி, முதலில் நேர்முனையையும் பின்னர் எதிர்முனையையும் இணைக்குக. கரையிலேயே இயந்திரத்தைப் பலமுறை நிறுத்தித் தொடக்கிப் பார்த்தல் வேண்டும். முழுதும் மின்னேற்றியும் ஓரிரவிற்குள் தானே வலு இறங்கும் பற்றரியைக் கடலுக்குக் கொண்டுசெல்லலாகாது. பழுதுற்றதைக் களப்பில் எறிதலும், அமிலத்தை மணலிற் கொட்டுதலும் பெருந்தீங்காகும். ஈயம் நஞ்சு, மீனும் இறாலும் வளரும் நீரிலேயே அது சேரும். பழைய பற்றரியை ஈயத்திற்காக வாங்குவோர் உளர். அவர்களிடம் கொடுத்தாற் புதியது வாங்கும் செலவிலும் ஒரு பகுதி குறையும்.