ஒரு பக்கம் தெரிந்தால் போதும்

கொல்கத்தா காளிகாட்டில் மெட்ரோ ஏறி டம்டம்மில் இறங்கி பாரக்பூர் ட்ரங்க் ரோட்டுக்கு வந்தால், பஸ்ஸும் ஆட்டோவும் முண்டியடிக்கும் இரைச்சலுக்கு நடுவே ஒரு பழைய செங்கல் கோபுரம் நிற்கிறது. சதுர வடிவம், சுமார் 75 அடி உயரம். கோயிலும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. இதே சாலையில் வடக்கே சுக்சரில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. இரண்டையும் 1831 வாக்கில் கட்டவைத்தவர் அப்போதைய இந்திய நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட். வங்காளம் தட்டையான பூமி. ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. அதனால் குன்றையே கட்டிக்கொண்டார்கள்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் பாடத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோபுரத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்பவர் உச்சியை 30 டிகிரி ஏற்றக்கோணத்தில் பார்க்கிறார், உயரம் என்ன? டேன் 30 என்பது 0.577. அதை 50-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 28.9 மீட்டர். இரண்டு நிமிட வேலை, இரண்டு மதிப்பெண். அந்த 50 மீட்டரை அளந்தது யார் என்று மட்டும் நாம் கேட்டதே இல்லை. உண்மையான பாடு அங்கேதான்.

கோணத்தை, அதை அளக்கும் கருவியான தியோடலைட் சொல்லிவிடும். ஆனால் கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கமாவது கையால் அளந்ததாக இருக்கவேண்டும். வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் கோட்டை அளந்து, இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் வேலையைத் தொடங்கினார். எவரெஸ்ட் கொல்கத்தாவில் தேர்ந்தெடுத்தது நேராக ஓடும் இந்த பாரக்பூர் சாலையை. 1831–32-ல், ஆறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தை, பத்தடி உலோகக் கட்டைகளை வரிசையாக வைத்து அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும், பித்தளை அதைவிட அதிகம் நீளும். இரண்டையும் இணைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுகட்டும்படி செய்த கட்டைகள் அவை. கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளியைப் பார்க்க மைக்ரோஸ்கோப்!

அந்த ஒரு பக்கம் கைக்கு வந்ததும் மற்றவை தொடர்ந்து வரும். எந்த முக்கோணமானாலும் உச்சியிலிருந்து செங்குத்துக் கோடு இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள். சைனைப் பயன்படுத்தி மற்ற இரு பக்கங்களையும் கண்டுபிடிக்கலாம். அவற்றில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம். இப்படியே இமயம் வரை போனார்கள்.

இந்தக் கணக்குகளுக்காக 1831-ல் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் ராதாநாத் சிக்தார். ஜொராசாங்கோவில் பிறந்தவர், இந்துக் கல்லூரி மாணவர், அப்போது வயது 18. பின்னாளில் தலைமைக் கணக்கர் ஆனார்.

அளவையாளர்களை நேபாளம் உள்ளே விடவில்லை. எனவே 1849–50-ல் பீகார் சமவெளியிலிருந்து, நூறு மைலுக்கும் அப்பாலிருந்து, 'பதினைந்தாம் சிகரம்' என்று எண்ணிட்டிருந்த இமயச் சிகரத்தை நோக்கினார்கள். நாமே போட்டுப் பார்க்கலாம். 110 மைல் தூரத்தில் அந்தச் சிகரம் தெரியும் ஏற்றக்கோணம் இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பள்ளிக்கூட முறையில் டேனால் பெருக்கினால் விடை 22,000 அடிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். மிச்சம் ஏழாயிரம் அடி எங்கே? பூமி வளைந்திருக்கிறது, மலையின் அடிவாரம் அந்த வளைவுக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. பூமி வளைவை மட்டும் சேர்த்தால் கணக்கு மிஞ்சிவிடும்; காற்று ஒளியை வளைத்து மலையைச் சற்று உயர்த்திக் காட்டுவதால் அதைக் கழிக்கவும் வேண்டும். டேன் எவருக்கும் தெரியும். எவ்வளவு கழிப்பது என்பதுதான் சிக்தார் போன்றவர்களின் வேலை.

1852-ல் சிக்தார் தன் அதிகாரியின் அறைக்கு ஓடிவந்து "உலகிலேயே உயரமான சிகரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்றாராம். கதை ருசியாக இருக்கிறது, நான் நம்பவில்லை. பல பேர், பல ஆண்டுகள், பல நோக்கிடங்கள் சேர்ந்த கணக்கு அது. எவரெஸ்டுக்குப் பின் நில அளவைத் தலைவரான ஆண்ட்ரூ வா 1856-ல்தான் 29,002 அடி என்று அறிவித்தார். 2020-ல் சீனாவும் நேபாளமும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. வித்தியாசம் முப்பது அடி.

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். சிக்தாருக்கு என்ன கிடைத்தது? அவர் பங்களித்த 1851-ஆம் ஆண்டு நில அளவைக் கையேட்டில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தது. அவர் 1870-ல் இறந்தார். 1875-ல் வந்த பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள்.