பெரியம்மா பயந்த பாட்டில்

பெரியப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம். நெஞ்சிலிருந்து வந்த குழாய் ஒரு பாட்டிலில் இறங்க, அதில் சிவப்பாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார்கள். "காலையிலகூட ஆஸ்பிரின் கொடுத்தாங்களே, அதனாலதானே இது?"

அசட்டுக் கேள்வி இல்லை அது. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்துபவை தட்டணுக்கள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுசு முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள்வரை, சரிவர ஒட்டாது. அதனால்தான் முன்பெல்லாம் ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்.

ஆனால் 2016-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், பைபாஸுக்குச் சற்று முன் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட ரத்தப்போக்கு அதிகமாகவில்லை. ஆகவே இப்போது பலருக்கும் நிறுத்துவதில்லை. குளோபிடோக்ரல் சங்கதி வேறு. அவசரமில்லாவிட்டால் அதை 5 நாள் முன்பே நிறுத்துவார்கள்.

பாட்டிலில் கொஞ்சம் சொட்டுவது சகஜம்தான். நர்ஸ் அடிக்கடி வந்து அளவைக் குறித்துக்கொள்வதை கவனியுங்கள். அளவு மீறினால் உடம்பைக் கதகதப்பாக்கி, மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் தட்டணுக்களும் ஏற்றுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் மறுபடி தியேட்டர்தான். இன்னொன்று: நிறையச் சொட்டிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றாலும் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். குழாய் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்திவிடக்கூடுமே!

ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட்டைக் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் உடாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானியப் பெண் டாக்டர். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாராம். நம் பிரசவ வார்டுகளிலும் உயிர் காக்கும் மருந்து அது.

ரத்தம் அடங்கியதும், பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே, ஆஸ்பிரினைத் திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள். புதிதாகத் தைத்த குழாய் அடைபடாமல் இருக்க அது வேண்டும். வீட்டுக்கு வந்தபின் பல் பிடுங்கவேண்டுமென்றோ, லேசாக மூக்கில் ரத்தம் வந்ததென்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் பெரியப்பாவின் குழாயை எடுத்தார்கள். இப்போது அந்த ஆஸ்பிரினை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எடுத்துக் கொடுப்பது பெரியம்மாதான்.