காப்புறுதிக் கணிப்பியலும் ஆய்வு மானியமும்: கீழைக்கரை வயல்களை முன்வைத்து ஒரு நோக்கு

காப்புறுதி என்றதும் முகவர், பத்திரம், தவணைக் கட்டணம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. எவரிடம் எவ்வளவு அறவிடுவது, எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று இவற்றின் பின்னிருந்து தீர்மானிக்கும் அறிவுத்துறை ஒன்று உண்டு. அதுவே காப்புறுதிக் கணிப்பியல். அதனைப் பயில்வோர் ஆக்சுவரிகள் எனப்படுவர். இது கணிதத்தின் கிளை மட்டுமே என்றும், எண்களுக்கு வர்க்கச் சார்பு ஏது என்றும் கேட்போர் உளர். எண்களுக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் எந்த எண்களைத் திரட்டுவது, எவற்றைத் திரட்டாது விடுவது என்ற தீர்மானத்துக்கு உண்டு. அத்தீர்மானமோ பெரும்பாலும் ஆய்வுக்குப் பணம் கொடுப்போர் கையிலேயே இருக்கின்றது. பெரியநீலாவணையிலிருந்து தெற்கே நீளும் அம்பாறைக் கரையோரத்து வயல்களை முன்வைத்து இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இக்கணிப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதை எளியதோர் உதாரணத்தாற் காண்போம். ஆயிரம் ஏக்கர் நெல்வயல் காப்புறுதி செய்யப்படுகின்றது என்று கொள்வோம். அழிந்த ஏக்கர் ஒன்றுக்கு நட்டஈடு 40,000 ரூபா. சராசரியாக ஆண்டுக்கு 50 ஏக்கர் அழியுமாயின் ஆண்டுச் செலவு 20 இலட்சம் ரூபா. இதனை ஆயிரம் ஏக்கருக்கும் பங்கிட்டால் ஏக்கருக்கு 2,000 ரூபா வரும். நிருவாகச் செலவை நீக்கி நோக்கின் இதுவே நியாயமான கட்டணம் ஆகும்.

ஆயின் இச்சராசரி இருவகையிற் பிறக்கலாம். ஆண்டுதோறும் ஆங்காங்கே 50 ஏக்கர் அழிவது ஒரு வகை. ஒன்பது ஆண்டுகள் எதுவும் அழியாது, ஒரே வெள்ளத்தில் 500 ஏக்கர் அழிவது மற்றொரு வகை. இரண்டிலும் சராசரி ஒன்றே. ஆனால் இரண்டாம் வகையில் வெள்ளம் மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிடின், நிதியில் இருப்பது 60 இலட்சம். கொடுக்க வேண்டியதோ இரண்டு கோடி. ஆகவே சராசரியை மட்டும் அறிந்தாற் போதாது. அழிவு எவ்வாறு பரவுகின்றது, எவ்வயலோடு எவ்வயல் சேர்ந்து மூழ்குகின்றது என்பனவும் அறியப்படல் வேண்டும். ஒரு கரையோரம் முழுவதும் ஒரே பருவமழையை நம்பியிருக்கும் பிரதேசத்தில் இது உயிர்நிலையான வினாவாகும்.

இவ்வறிவு ஏட்டிலிருந்து பிறப்பதன்று, பதிவிலிருந்து பிறப்பது. எட்மண்ட் ஹாலி 1693ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற இறப்பு அட்டவணைக்கு ஆதாரமாய் அமைந்தவை, பிரெஸ்லாவு நகரத்துப் பாதிரியார் ஒருவர் பொறுமையோடு திரட்டிய பிறப்பு இறப்புக் கணக்குகளே. 1762இல் இலண்டனில் தோன்றிய ஈக்குவிட்டபிள் சங்கம் வயதுக்கேற்பக் கட்டணம் அறவிடும் முறையை நிலைநாட்டியது. 1848இல் அங்கு ஆக்சுவரிகளின் நிறுவனம் அமைந்தது. வணிக மூலதனத்தின் வளர்ச்சியோடு ஒட்டி வளர்ந்த துறை இது என்பது தெளிவு.

அவ்வளர்ச்சியின் இருண்ட பக்கத்தையும் ஈண்டு சுட்டுதல் தகும். ஐக்கிய அமெரிக்காவில் புருடென்ஷல் காப்புறுதிக் கம்பனியின் புள்ளிவிபரவியலாளரான பிரெடெரிக் ஹொஃப்மன், கறுப்பின மக்களிடையே காணப்பட்ட உயர்ந்த இறப்பு வீதத்தை இனத்தின் இயல்பெனக் காட்டி 1896இல் நூலொன்று வெளியிட்டார். அம்மக்களுக்குக் காப்புறுதி மறுப்பதற்கு அது நியாயமாகப் பயன்பட்டது. வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் விளைத்த மரணத்தை இரத்தத்தின் குற்றமாக்கியது அந்நூல். எண்கள் உண்மையாயிருந்தும் விளக்கம் பொய்யாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் காப்புறுதி என்பதே முதலாளித்துவச் சூழ்ச்சி என்று ஒதுக்குவது மார்க்சியம் ஆகாது. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்த மார்க்ஸ், சமூகத்தின் மொத்த உற்பத்தியை உழைப்போரிடையே பங்கிடுமுன் கழிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாக, விபத்துகளுக்கும் இயற்கை அழிவுகளுக்கும் எதிரான காப்புறுதி நிதியையும் குறிப்பிட்டார். நாளைய சமூகத்திலும் மழை பொய்க்கும், வெள்ளம் வரும். ஆதலால் அந்நிதியை எவர் கணிக்கின்றனர், எவருக்காகக் கணிக்கின்றனர் என்பனவே நம் வினாக்கள்.

இலங்கையின் அனுபவம் இவ்வகையிற் கருத்துக்குரியது. 1958ஆம் ஆண்டில் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாக ஆரம்பமாயிற்று. குத்தகை விவசாயியின் உரிமையைப் பாதுகாக்கும் நோக்கில் பிலிப் குணவர்தனாவின் நெற்காணிச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே. 1961இல் பயிர்க் காப்புறுதிச் சட்டமும், 1973இல் கமத்தொழில் காப்புறுதிச் சபைக்கான சட்டமும், 1999இல் அதன் இடத்தில் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையை அமைத்த சட்டமும் வந்தன. 2018இல் நெல் உட்பட ஆறு பயிர்களுக்கு விவசாயியிடம் கட்டணம் அறவிடாத திட்டம் அறிமுகமாயிற்று. சட்டங்கள் பெருகின, அவற்றின் அடியில் இருக்க வேண்டிய கிராமவாரியான கணிப்பு அவ்வளவுக்குப் பெருகவில்லை.

கரையோர வயலுக்கு இதன் பொருள் யாது? பெரியநீலாவணை அம்பாறை மாவட்டக் கரையின் வட எல்லை. கிழக்கே கடல், மேற்கே வயலும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும். இங்கு வயல் அழிவது மழையால் மட்டுமன்று. மேலே கல்லோயாவின் நீர் எவ்வளவு இறங்குகின்றது, முகத்துவாரம் திறந்திருக்கின்றதா மூடியிருக்கின்றதா, வடிச்சல் வாய்க்கால் தூர்ந்திருக்கின்றதா என்பனவற்றைப் பொறுத்து, ஒரே மழையில் ஒரு வட்டை பிழைக்கும்; அடுத்த வட்டை மூழ்கும். இதனை வட்டவிதானை அறிவார்; எந்த அட்டவணையும் அறியாது. மேலும், பதிவேட்டிற் பெயருள்ளவரே ஏட்டில் விவசாயி. போடியாரின் நிலத்தில் உழைக்கும் முல்லைக்காரனின் இழப்பு அவ்வேட்டில் ஏறுவதில்லை.

இக்குறையை நிரப்ப வந்ததாகக் கூறப்படுவது மழைச் சுட்டெண் காப்புறுதி. வயலைப் பாராது, மழைமானியின் அளவைக் கொண்டே நட்டஈடு தீர்மானிக்கப்படும். செலவு குறைவு, தகராறும் குறைவு. இதனைப் புதுமை என்பர். ஆனால் மைசூர் சமஸ்தானத்து அதிகாரி ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இலேயே மழையை அளவுகோலாகக் கொண்ட விவசாயக் காப்புறுதித் திட்டமொன்றை நூலாக வெளியிட்டிருந்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய அக்கருத்து, 2003இல் ஆந்திரத்து மகபூப்நகரில் உலக வங்கியின் ஆதரவோடும் தனியார் கம்பனியொன்றின் வாயிலாகவும் நடைமுறைக்கு வந்தது. கருத்து பிறப்பதற்கு அறிவு போதும்; அது நிலத்தில் இறங்குவதற்குப் பணம் வேண்டும். பணம் வந்த வழியே அதன் வடிவத்தையும் வகுத்தது.

2008இல் பில் மற்றும் மெலிண்டா கேற்ஸ் மன்றத்தின் 34 மில்லியன் டொலர் நன்கொடையைக் கொண்டு சர்வதேச தொழில் தாபனம் நுண்காப்புறுதிக்கான புத்தாக்கத் திட்டமொன்றை ஆரம்பித்தது. இத்தகைய மானியங்களால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் அவை பெரும்பாலும் எழுப்பும் வினா, ஏழை ஏன் காப்புறுதி வாங்குவதில்லை என்பது. வயலின் வினா வேறு. காப்புறுதி ஏன் ஏழையின் இழப்பை அளப்பதில்லை என்பதே அது. மழைமானி வறட்சியை அறியும். மூடிய முகத்துவாரத்தை அறியாது. வயல் மூழ்கியும் சுட்டெண் அசையாதிருப்பின், கட்டணம் கட்டியவன் இருமுறை இழந்தவனாவான்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி இக்கரை கண்ட அழிவை மறத்தல் இயலாது. இலங்கையில் மிகுந்த உயிர்ப்பலி கொடுத்த மாவட்டம் அம்பாறையே. வீடும் தோணியும் தறியும் வலையும் போயின. அவற்றுட் பெரும்பாலானவை எந்தக் காப்புறுதிப் பத்திரத்திலும் இடம்பெறாதவை. வட்டி பற்றிய மார்க்கத் தடையால் வழக்கமான காப்புறுதியிலிருந்து விலகி நின்ற முஸ்லிம் குடும்பங்கள் பல. பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட தகாஃபுல் முறை 1999 முதல் இந்நாட்டில் உண்டு. அதன் கணிப்புக்கும் இக்கரையின் மீனவர், நெசவாளர், விவசாயிகள் பற்றிய பதிவுகளே அடித்தளமாதல் வேண்டும்.

அதற்கான பணம் எங்கே எனக் கேட்கலாம். 2013 ஏப்ரல் முதல் வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவற்றின் வரிக்குப் பிந்திய இலாபத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் பயிர்க் காப்புறுதிக்கென அறவிடப்படலாயிற்று. அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தைச் சேர்வது. இலாபத்திலிருந்து சமூகம் கழித்தெடுக்கும் பங்கு இது. மார்க்ஸ் கூறிய கழிவின் மங்கலான நிழல் எனலாம். அதிற் சிறு கூற்றை ஆய்வு மானியமாக ஒதுக்குதல் வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், வயல்களின் நடுவிலேயே இருக்கின்றது. வட்டை வட்டையாகப் பத்துப் போகங்களின் விளைச்சலையும் அழிவையும் பதிய அங்குள்ள மாணவரால் இயலும். வட்டவிதானையின் நினைவும் முல்லைக்காரனின் கணக்கும் அப்பதிவில் இடம்பெறுதல் வேண்டும். முடிவுகள் தமிழில் வெளியாகி, கமக்காரர் அமைப்புகளின் கைக்கு எட்டுதல் வேண்டும்.

ஹாலிக்கு ஒரு பாதிரியாரின் பதிவேடு கிடைத்தது. நமது கரைக்கு அத்தகைய பதிவேடு இனித்தான் எழுதப்பட வேண்டும். அதனை உழைப்போரை அறிந்தவர் எழுதாவிடின், இலாபத்தை மட்டும் அறிந்தவர் எழுதுவர். அவர் எழுதும் அட்டவணையில் நம் வயல்கள் இடராக மட்டுமே தோன்றும், வாழ்வாகத் தோன்றா.