இறந்தோர் முகமும் இருப்போர் கண்ணீரும்
ஒரு விஞ்ஞானப் புனைவுக் குறும்படத்தின் வரவேற்புக் குறித்து

2024ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் ‘765874: யூனிஃபிக்கேஷன்’ என்னும் பெயருடன் ஏறத்தாழப் பத்து நிமிட நேரக் குறும்படமொன்று வெளியிடப்பட்டது. காலொஸ் பாயெனா நெறியாள்கை செய்த இப்படம், கட்டணமின்றி எவரும் இணையத்திற் பார்க்கக்கூடியதாக வெளிவந்தது. ‘ஸ்ரார் ட்ரெக்’ எனும் விஞ்ஞானப் புனைவுத் தொடரின் முதன்மைப் பாத்திரங்களான கப்டன் கேர்க்கையும் ஸ்பொக்கையும் அது இறுதியாக ஒருமுறை சந்திக்கவைக்கின்றது. ஸ்பொக்காக நடித்த லியோனாட் நிமோய் 2015 பெப்ரவரியில் இறந்துவிட்டார். கேர்க்காக நடித்த வில்லியம் ஷட்னருக்குப் படம் வெளிவந்தபோது வயது தொண்ணூற்றுமூன்று. ஆயினும் திரையில் நாம் காண்பது முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஷட்னரின் முகத்தை. மரணப்படுக்கையிற் கிடக்கும் நிமோயின் முகத்தை. இரண்டும் கணினியின் துணைகொண்டு வேறு நடிகர்மீது பொருத்தப்பட்டவை.

படத்தைப் பார்த்தோரிற் பலர் தாம் அழுததாக வெளிப்படையாகவே எழுதினர். முப்பது ஆண்டுகாலமாக ஆறாதிருந்த ஒன்று ஆறிற்று என்றனர் சிலர். கண்களிலும் தோலிலும் ஏதோ பொருந்தாமையைக் கண்டு மனங்கூசியோரும் உளர். இறந்த மனிதரை எழுப்பி நடிக்கவைப்பது தகுமா எனக் கேட்டோரும் உளர். தொடரின் வரலாற்றை நன்கறியாதார்க்கு இப்படம் விளங்காது என்று சலித்துக்கொண்டோரும் இருந்தனர். அது நியாயமான சலிப்பே. இவற்றுள் எமது கவனத்தை முதலில் ஈர்ப்பது அக்கண்ணீர்தான்.

எம்மைப் போன்ற திறனாய்வாளர்க்கு இத்தகைய கண்ணீரை ஏளனஞ் செய்வது எளிது. பண்பாட்டுக் கைத்தொழில் தானே ஊட்டி வளர்த்த ஏக்கத்துக்குத் தானே விலைகூறுகின்றது என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். அவ்வாக்கியம் பொய்யன்று. ஆனால், அதனோடு நின்றுவிடுவது ஆராய்ச்சியன்று, சோம்பல். மக்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதை அறியாமல் அவர்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று கூற எமக்கு உரிமையில்லை.

கதையின் பின்புலத்தைச் சுருக்கமாகக் கூறவேண்டும். 1982இல் வெளிவந்த திரைப்படத்தில், கப்பலைக் காக்கும் பொருட்டு ஸ்பொக் உயிர்துறக்கும்போது நண்பர் இருவர்க்கும் இடையே ஒளிபுகும் சுவரொன்று நிற்கின்றது. கைகள் அச்சுவரின் இரு புறமுமாகவே பொருந்துகின்றன. ஸ்பொக் பின்னர் மீட்கப்படினும், அக்காட்சி பார்வையாளர் நெஞ்சிற் பதிந்தே இருந்தது. 1994இல் வெளியான ‘ஜெனறேஷன்ஸ்’ திரைப்படத்தில் கேர்க் இறக்கிறார். ஒரு பாலம் உடைந்து வீழ்ந்து, யாருமற்ற கோளொன்றிலே, தம்மைச் சிறிதே அறிந்த ஒருவரின் கண்முன் அவர் மடிகிறார். கற்கள் அடுக்கிய குழியொன்றே அவர்க்குக் கல்லறையாகின்றது. அங்கு ஸ்பொக் இல்லை. புதிய குறும்படம் இவ்விரண்டையும் ஒருங்கே சரிசெய்ய முனைகின்றது. இறந்த கேர்க், காலத்தையும் உலகத்தையுங் கடந்துவந்து ஸ்பொக்கின் படுக்கையருகே நிற்கிறார். கைகோத்தபடி இருவரும் ஞாயிறு மறைவதைப் பார்க்கின்றனர். இப்போது இடையிற் சுவரில்லை. உரையாடல் ஏறத்தாழ இல்லை எனலாம். மைக்கல் ஜியக்கினோவின் இசையே பேசுகின்றது.

இக்கண்ணீர் இரு பாத்திரங்களின் பிரிவுக்கு மட்டும் உரியதன்று என்பது எமது கருத்து. 1966 செப்ரெம்பரில் இத்தொடர் தொலைக்காட்சியில் ஆரம்பித்தபோது, அமெரிக்கா வியட்னாமிலே குண்டு பொழிந்துகொண்டிருந்தது. உள்நாட்டிற் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். அக்காலத்தில், கறுப்பினப் பெண்ணொருத்தியும் ஆசியர் ஒருவரும் 1967 முதல் ரஷ்யர் ஒருவரும் ஒரே கப்பலில் அதிகாரிகளாகப் பணிபுரியும் எதிர்காலமொன்றை அது காட்டிற்று. பசியும் வறுமையும் ஒழிந்த பூமி அது. 1986இல் வந்த திரைப்படமொன்றில், தமது நூற்றாண்டிலே பணம் வழக்கில் இல்லை என்பதை வெகு இயல்பாகவே கேர்க் வெளிப்படுத்துகிறார். விளம்பரதாரர் பணத்தில் ஓடிய தனியார் தொலைக்காட்சியிலே பிறந்தது பணமற்ற உலகைப் பற்றிய கனவு. இம்முரண்பாட்டைப் பலர் நகைச்சுவையாகவே நோக்குவர். எனினும், அக்கனவைச் சிறுவயதிற் கண்டு வளர்ந்த தலைமுறையொன்று இன்று முதுமையை எட்டியுள்ளது. வாக்களிக்கப்பட்ட எதிர்காலம் அதற்கு வந்து சேரவில்லை. ஆகவே, இங்கு நிகழ்வது கடந்த காலத்தின்மீதான ஏக்கம் என்பதனினும், ஒருகால் நம்பப்பட்ட எதிர்காலத்தின்மீதான ஏக்கம் என்பதே பொருந்தும். அழுதோர் தம் இளமைக்காக மட்டும் அழவில்லை.

குறும்படம் இவ்வேக்கத்துக்கு என்ன தருகின்றது? இரு ஆடவர், ஒரு சாளரம், மறையும் ஞாயிறு. அவ்விருவரையும் பிணைத்த பணி, அதாவது பல இனத்தோர் கூடிச் செய்த கூட்டு உழைப்பு, கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றது. சமுதாயக் கனவாக இருந்தது தனிமனிதப் பிரியாவிடையாகச் சுருங்கிவிடுகின்றது. கலை நேர்த்தியைப் பொறுத்தவரையிற் படத்தை நாம் குறைகூறமாட்டோம். அடக்கமும் அழகும் உள்ள படந்தான் அது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

மனங்கூசியோரை நோக்குவோம். மனித உருவை ஏறத்தாழ ஒத்திருந்தும் முற்றும் ஒவ்வாத உருவைக் காணும்போது உண்டாகும் வெறுப்பை, யப்பானிய இயந்திரமனித ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970இலேயே ஒரு பள்ளத்தாக்காக உருவகித்து விளக்கினார். ஒப்புமை பெருகப் பெருக விருப்பமும் பெருகி, முழுமையை அண்மிக்கும் தறுவாயிற் சடுதியாக வீழ்கின்றது என்பது அவர் கூற்று. 2016இல் ‘றோக் வண்’ திரைப்படத்தில், 1994இல் இறந்த பீற்றர் குஷிங்கின் முகத்தை வேறொரு நடிகர்மீது பொருத்திக் காட்டியபோது பலர் இப்பள்ளத்தாக்கிலே வீழ்ந்தனர். 2019இல் ‘தி ஐரிஷ்மன்’ படத்தில் றொபேட் டி நீரோவின் முகம் இளமை பெற்றும் உடல் முதுமையிலே நின்றமை பேசப்பட்டது. ஆனால், மனங்கூசுவோரின் எதிர்ப்பு பெரும்பாலும் தொழினுட்பக் குறைபற்றியது. குறை நீங்கியதும் அவ்வெதிர்ப்பும் நீங்கிவிடும். ‘யூனிஃபிக்கேஷன்’ படத்தைக் கண்டு ‘இம்முறை கண் உறுத்தவில்லை’ என்று பாராட்டியோர் தொகை இதனையே காட்டுகின்றது. உறுத்தல் மறையும்போது, உறுத்தியிருக்கவேண்டிய கேள்வியும் கூடவே மறைகின்றது.

அக்கேள்வி உழைப்புப்பற்றியது. கேர்க்காக உடலும் அசைவும் தந்து நடித்தவர் சாம் விற்வர். ஸ்பொக்காக நடித்தவர் லோறன்ஸ் செலெக். ஷட்னரின் மேற்பார்வையிலே, டிஜிற்றல் ஒப்பனையின் விளைவைப் படப்பிடிப்பின்போதே கண்டு விற்வர் தமது நடிப்பைச் செம்மைப்படுத்தினார் என்பர். ஆயின், செய்தித் தலைப்புகள் பலவற்றில் ஷட்னர் ‘மீண்டும் வந்தார்’. ஒப்பனை நடிப்புக்குப் புதியதன்று. ஸ்பொக்கின் கூர்ஞ்செவியே பிரெட் பிலிப்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞரின் கைவண்ணம். ஆனால், அச்செவியை அணிந்தவர் நிமோய் என்பதை எவரும் மறைக்கவில்லை. பழைய ஒப்பனை நடிகனைப் பாத்திரமாக்கிற்று. புதிய ஒப்பனையோ உயிருள்ள நடிகனை இன்னொரு நடிகனாக்குகின்றது. அவனது உழைப்பு எவ்வளவுக்குச் சிறப்பாக அமைகின்றதோ அவ்வளவுக்கு அவன் மறைந்துபோகிறான்.

உயிருள்ள உழைப்புக்கும் செத்த உழைப்புக்கும் மார்க்ஸ் கண்ட உறவு இங்கு வெறும் உருவகமாக நில்லாமல், ஏறத்தாழ நேர்ப்பொருளிலேயே அமைந்துவிடுகின்றது. நிமோய் பல தசாப்தங்களாகச் செய்த நடிப்பு, படச்சுருள்களிற் சேமிக்கப்பட்ட உழைப்பு. அதுவே இன்று மூலப்பொருளாகவும் கருவியாகவும் மாறி, வாழும் நடிகரின் உழைப்பை உள்வாங்கிக்கொள்கின்றது. படத்தைத் தயாரித்த ஓட்டோய் நிறுவனம் கணினி உருவாக்க மென்பொருள் செய்யும் நிறுவனம் என்பதை மறந்துவிடலாகாது. கட்டணமின்றிக் கிடைத்த படம் பண்டமன்று என்று சிலர் வாதிடுவர். கண்காட்சியிலே காட்டப்படும் இயந்திரத்துக்கும் கட்டணமில்லை.

‘குடும்பத்தார் சம்மதித்தனர் அல்லவா?’ என்பது அடுத்த வாதம். உண்மை. நிமோயின் மனைவி சூசன் பே நிமோயும் ஷட்னரும் நிறைவேற்றுத் தயாரிப்பாளர்களாக இப்படத்துடன் இணைந்திருந்தனர். அவர்களது அன்பை ஐயுற எமக்குக் காரணமில்லை. ஆனால் நிமோய் வாழ்ந்த காலத்தில் தம் முகத்தை எவ்வாறு பேணினார் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். எழுபதுகளிலே தமது ஸ்பொக் உருவம் வணிகப் பொருள்களிற் பயன்படுத்தப்பட்டமை தொடர்பாக அவர் பரமவுண்ட் நிறுவனத்தோடு பிணக்குற்றார். அது தீர்ந்த பின்னரே 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடித்தார். 1973இல் தொடர் கேலிச்சித்திர வடிவம் பெற்றபோது, செலவு குறைக்கும் பொருட்டு நிச்செல் நிக்கல்ஸையும் ஜோர்ஜ் ரகேயையும் விலக்க முற்பட்டனர். கறுப்பினப் பெண்ணும் ஆசியரும் இல்லாவிட்டால் தாம் குரல் தருவதில்லை என்றார் நிமோய். அவர்கள் இருவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1994இலோ, தமக்குத் தரப்பட்ட பகுதியை எவர் வேண்டுமாயினும் பேசலாம் என்று கருதி ‘ஜெனறேஷன்ஸ்’ படத்தில் நடிக்க மறுத்தார். அவருக்குரிய வசனங்கள் வேறு நடிகர்க்குப் பகிரப்பட்டன.

கேர்க்கின் மரணத்தின்போது ஸ்பொக் இல்லாமற்போனது இம்மறுப்பினாலேதான். முப்பது ஆண்டுகாலமாகப் பார்வையாளரை வாட்டிய வெற்றிடம், நடிகனாகிய தொழிலாளி ஒருவன் தன் உழைப்பைத் தர மறுத்ததன் தடம். 2024ஆம் ஆண்டின் குறும்படம் அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றது. நிரப்பும் முகம் மறுக்க இயலாத முகம். 1973இல் நிக்கல்ஸும் ரகேயும் இல்லையெனில் நானுமில்லை என்று சொன்ன வாய், இனி எவருக்காகவும் அவ்வாறு சொல்லாது. சம்மதம் கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் சம்மதமும் மறுப்பும் ஒரே உரிமையின் இரு புறங்கள். வாழும் நடிகன் சக தொழிலாளிக்காக மறுக்கவும் கூடும். உரித்தாளி தரும் சம்மதத்திற் சக தொழிலாளிக்கு இடமேது?

அமெரிக்க நடிகர் இதனை உணர்ந்திருந்தனர். 2023 யூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள்கள் நீடித்த நடிகர் வேலைநிறுத்தத்தின் முக்கிய பிரச்சினைகளுள் டிஜிற்றற் பிரதிகளும் ஒன்று. புகழ்பெற்றோரின் முகம் மட்டுமன்றி, கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகரை ஒருமுறை உருப்பதிவு செய்து பின்னர் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் அபாயமும் அங்கு பேசப்பட்டது. 2024 செப்ரெம்பரில் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம், இறந்த நடிகரின் பிரதியைப் பயன்படுத்த உரித்தாளரின் சம்மதத்தை வேண்டி நிற்கின்றது. பயனுள்ள சட்டமே, ஆயினும், முகத்தை அது நிலபுலன் போல வழிவழி இறங்கும் சொத்தாகவே கொள்கின்றது. இறந்து எழுபது ஆண்டுகள்வரை அச்சொத்துக்குக் காவல் உண்டு.

இது தொலைதேசத்துச் செய்தி என்று எம்மவர் எண்ணவேண்டியதில்லை. இக்குறும்படத்துக்கு இரண்டு மாதங்களின் முன்னர், 2024 செப்ரெம்பர் 5ஆந் திகதி வெளியான விஜய் நடித்த ‘கோட்’ திரைப்படத்தில், முந்திய ஆண்டு டிசெம்பரிற் காலமான விஜயகாந்த் திரையில் தோன்றினார். அங்கும் குடும்பத்தின் சம்மதம் இருந்தது. அங்கும் பார்வையாளரின் ஆரவாரம் இருந்தது. தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர் என்பது இவ்விடத்தில் எமக்கு நினைவுவருகின்றது.

வால்டர் பெஞ்சமின், பழைய புகைப்படங்களில் இறந்தோரின் முகமே வழிபாட்டு மதிப்பின் கடைசிப் புகலிடம் என்று கருதினார். அம்முகம் அசையாது, எம்மைப் பாராது, அதனாலேயே அதன்முன் நாம் துக்கிக்க முடிந்தது. ‘யூனிஃபிக்கேஷன்’ படத்தில் அம்முகம் திரும்புகின்றது, பார்க்கின்றது. பார்வையாளர் அழுகின்றனர். அழுதபின் ஷட்னரையும் நிமோயையும் வாழ்த்துகின்றனர். அவ்விருவரது முகத்தின் அடியிலே நின்று அக்காட்சியை நடித்த விற்வரின் பெயரையும் செலெக்கின் பெயரையும் அறிந்து வாழ்த்தியோரும் இல்லாமலில்லை. அவர்கள் சிலரே.