யான் மகன் யான்ஸ்

இலங்கையின் ஓட்டமாவடியில் ஒருவரது பெயருக்கு முன் முதலெழுத்தாக நிற்கும் தந்தை பெயர் அடுத்த தலைமுறையில் மாறிவிடுவதைப் போலவே, ஒல்லாந்து நாட்டிலும் முற்காலத்தில் தந்தைவழிப் பெயர், அதாவது தகப்பனின் பெயரிலிருந்து பிறக்கும் பெயர், தலைமுறைதோறும் மாறிவந்தது. யான் என்பவரின் மகன் ‘யான்ஸ்ஸோன்’ எனப்பட்டார். ‘ஸோன்’ என்பது ஒல்லாந்த மொழியில் மகனைக் குறிக்கும். எழுத்தர்கள் அந்த நீண்ட சொல்லை முழுமையாக எழுதாமல் ‘இஸட்’ எழுத்தோடு நிறுத்தி ஒரு புள்ளி வைத்தார்கள். வாயில் முழுதாக ஒலித்த பெயர் ஏட்டில் ‘யான்ஸ்’ எனச் சுருங்கியது இப்படித்தான்.

1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, படைவீரர், எழுத்தர், கைவினைஞர் எனப் பலரை இலங்கைக்குக் கொண்டுவந்தது. அவர்களோடு வந்த இச்சுருக்கம், புள்ளியை உதிர்த்துவிட்டு, தந்தை யாராயினும் மாறாத குடும்பப் பெயராக, ஐரோப்பிய வழிவந்த இலங்கைப் பறங்கியரிடையே ‘ஜான்ஸ்’ என நிலைத்தது. ஒல்லாந்தில் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய நெப்போலியனின் ஆணை 1811இல்தான் வந்தது. அங்கு இன்று ‘யான்ஸென்’ என்ற வடிவமே பெருவழக்கு. எழுத்தரின் கைச்சுருக்கம் ஒன்றை இத்தனை காலம் காத்துவந்த பெருமை இலங்கைப் பறங்கியருக்கு உரியது.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவில் குடியேற, இப்பெயரும் அங்கே சென்றது. 1606இல் ஆஸ்திரேலியக் கரையை அடைந்த முதல் ஐரோப்பியராக அறியப்படும் மாலுமியின் பெயரும் வில்லெம் யான்ஸ்ஸோன்தான்.